‘தீ அணைக்கப்பட்டது’ – யாரால்?

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்தால் நம் டெல்டாவில் களம் ஓய்ந்துவிடும். உளுந்தும் பயறும் தெளித்த வயல்களில் இன்னும் கொஞ்ச நாள் பறிப்பு வேலை இருக்கும். அதுவும் முடிந்தபின், ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா திறக்காதா என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருப்பதுதான் மிச்சம். நம் தெருக்களில் கை சும்மா இருக்கும் இந்த மாதங்கள்தாம் மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டுத் தீயின் மாதங்கள். பிப்ரவரி நடுவில் புல் காய்ந்து பழுப்பேறும். மார்ச், ஏப்ரலில் ஒரு பீடித் துண்டு போதும். கோடை மழை இறங்கினால்தான் காடு மூச்சுவிடும்.

வயலும் வாய்க்காலுமாக வாழும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு மலைக்காட்டுத் தீயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். நம் பக்கத்திலும் காடு இல்லாமல் இல்லை. வெளிமான் மேயும் கோடியக்கரைச் சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப் போட்ட காடு அது. முத்துப்பேட்டையில் அலையாத்தி இருக்கிறது, வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வருகின்றன. 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுக்களுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆக, நம் மாவட்ட வனத் துறைக்குக் கடலும் காடுதான்.

ஆனால் நாம் பேச வந்தது அதுவல்ல. நம் காலனித் தெருக்களிலிருந்து பிள்ளைகள் இப்போது வனத் துறைக்குப் போகிறார்கள். முன்பு வனச் சீருடைப் பணியாளர் தேர்வுக் குழுமம் தனியாகத் தேர்வு வைத்தது. 2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்விலிருந்து வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்களும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் பட்டியலில் சேர்ந்துவிட்டன. கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் என்று படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளில் சிலர் தேறி, மலையடிவாரச் சரகங்களில் போய்ச் சேருகிறார்கள். ‘ஆபீஸ் வேலை கிடைத்துவிட்டது’ என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பிள்ளை அங்கே தழைக் கொத்தோடு தீயை அடித்துக்கொண்டிருப்பான்.

மார்ச் மாதத்தின் இரண்டு தீ

கும்பகோணம் வட்டாரத்தில் பிறந்து, அரசுக் கல்லூரியில் தாவரவியல் படித்து, இப்போது மேற்கே ஒரு சரகத்தில் வனக்காப்பாளராக இருக்கும் தம்பி ஒருவரிடம் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார். அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் இருப்பதால் நாமும் வற்புறுத்தவில்லை. அவர் சொன்ன முதல் வாக்கியமே நமக்குப் போதுமானதாக இருந்தது. “அண்ணே, காட்டுல தீ வைக்கிறது யாருன்னு பல நேரம் தெரியாது. ஆபீஸ்ல தீ வைக்கிறது மார்ச் மாசம்.”

அரசுக் கணக்கு மார்ச் 31இல் முடிகிறது. நாற்றங்கால் செலவு, தடுப்பணைக் கூலி, விலங்குகளுக்குத் தண்ணீர்த் தொட்டி நிரப்பிய லாரி வாடகை, தீத்தடுப்புக் கோடு வெட்டிய கூலி, எல்லாப் பட்டியலும் அதற்குள் மேலே போய்ச் சேர வேண்டும். தவறினால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். காடு அதிகமாக எரிவதும் அதே மார்ச்சில்தான். நிதியாண்டை வகுத்தவர்கள் காட்டைக் கேட்டு வகுக்கவில்லை. அதனால் ஒரே ஆள், ஒரே வாரத்தில், பகலில் மலை ஏறி இரவில் வவுச்சர் எழுத வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் வழக்கு வாய்தாவுக்கு நீதிமன்றம் போக வேண்டும். யானை மிதித்த வாழைத் தோட்டத்துக்கு இழப்பீட்டு விண்ணப்பம் வாங்க வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுவுக்கு முப்பது நாளுக்குள் பதில் தயாரிக்க வேண்டும். தினசரி ரோந்து நாட்குறிப்பு தனி.

தீயைப் பற்றிய செய்தி எப்படி வருகிறது என்று கேட்டோம். வானத்திலிருந்து வருகிறது. செயற்கைக்கோள்கள் பூமியின் சூட்டைப் படம் பிடிக்கின்றன. டேராடூனில் இயங்கும் இந்திய வன அளவாய்வு நிறுவனம் அந்தப் புள்ளிகளைப் பிரித்து, எந்தச் சரகம், எந்தக் காவல் பகுதி என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. முக்கியமான செயற்கைக்கோள் ஒன்று நம் தலைக்கு மேல் கடப்பது ஏறத்தாழ நள்ளிரவு ஒன்றரை மணிக்கும் பகல் ஒன்றரை மணிக்கும். அதன் கருவி காண்கிற ஒரு புள்ளி, தரையில் 375 மீட்டருக்கு 375 மீட்டர். நம் கணக்கில் ஐந்து வேலி நிலத்துக்கும் மேல். ‘இந்த ஐந்து வேலிக்குள் எங்கோ எரிகிறது’ என்பதுதான் செய்தி. அது சருகுத் தீயா, எவரோ தோட்டத்துக் குப்பையை எரித்ததா, பாறைச் சூடா என்று போய்ப் பார்க்க வேண்டியவர் வனக்காப்பாளர். போய்ப் பார்த்ததை எழுதிப் பதிலனுப்ப வேண்டியவரும் அவரே.

மலையில் தீயணைப்பு வண்டி ஏறாது. குழாய் இல்லை, தண்ணீர் இல்லை. பச்சைத் தழையைக் கொத்தாக ஒடித்து அடிப்பதும், அரிவாளாலும் மண்வெட்டியாலும் சருகைச் செதுக்கி வெறும் மண்ணாக ஒரு கோடு போடுவதும்தான் அடிப்படை வேலை. சில சரகங்களில் சருகை ஊதித் தள்ளும் இயந்திரம் வந்திருக்கிறது. சருகை ஊதிவிட்டால் தீக்குத் தீனி இல்லை. காற்றின் போக்கு தெரிந்த மூத்த ஆள் இருந்தால், தீ வரும் திசைக்கு எதிரே தாங்களே தீ வைத்து, இரண்டையும் நடுவில் மோதவிட்டு அணைப்பார்கள். எதிர்த்தீ என்று பெயர். கணிப்பு பிசகினால் வைத்தவர்களையே அது வளைத்துக்கொள்ளும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். ஆகவே தீக்கு மேலே நின்று அணைக்கக் கூடாது. தப்பிக்க வழி இல்லாதபோது ஏற்கெனவே எரிந்து கரியான இடத்துக்குள் போய் நிற்க வேண்டும். இதையெல்லாம் பயிற்சியிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் தம்பி சொன்னார், “வகுப்புல படிச்சது பாதிண்ணே. மீதிய கூட வந்த பளியர் பெரியவர்தான் சொல்லிக் கொடுத்தாரு. காத்து திரும்பப் போவுதுன்னு அவருக்கு முன்னாடியே தெரியுது.”

நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இந்தப் பெரியவர்தான்.

எழுவாய் இல்லாத வாக்கியம்

தீ அணைந்தபின் அறிக்கை எழுத வேண்டும். எந்தக் காப்புக்காடு, எத்தனை எக்டேர், எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, எத்தனை மணிக்கு அணைந்தது, காரணம் என்ன, சேதம் என்ன. அப்படிப்பட்ட அறிக்கைகளின் தமிழ் எப்படி இருக்கும் என்று தம்பி வாயால் சொல்லிக் காட்டினார். தமிழ் முதுகலை படித்த நமக்கு ஒரு பழக்கம், வாக்கியத்தில் எழுவாயைத் தேடுவது. ‘தகவல் பெறப்பட்டது. உடனடியாக நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. தீ முழுவதுமாக அணைக்கப்பட்டது.’ யாரால் அணைக்கப்பட்டது? செயப்பாட்டு வினை இலக்கணத்தில் பிழையில்லை. அலுவலக வழக்கில் அதற்கு மரியாதைகூட உண்டு. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் ஒரு ஆள் காணாமல் போய்விடுகிறார்.

காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் யார்? கோடைக்கு மட்டும் தினக்கூலிக்கு எடுக்கப்படும் தீக்காவலர்கள், தொகுப்பூதியத்தில் வருடக்கணக்காக ஓட்டும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீ என்றதும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகப்படும் ஊர்க்காரர்கள். அவர்களில் கணிசமானவர்கள் பழங்குடிகளும் தலித்துகளும். காட்டை அறிந்தவர்கள் அவர்கள். காகிதத்தில் இல்லாதவர்களும் அவர்களே.

இது மரியாதை பற்றிய கேள்வியோடு நிற்கவில்லை. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். பனையேறுவோர், மரம் வெட்டுவோர் வரிசையில் காட்டுத் தீயைக் கட்டுப்படுத்துவோரும் அணைப்போரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தீயில் கை வெந்தால் கேட்பதற்கு ஒரு வழி இருந்தது என்று பொருள். ஆனால் கேட்கப் போகிறவரிடம் முதல் கேள்வி என்னவாக இருக்கும்? ‘அன்றைக்கு நீ வேலையில் இருந்தாய் என்பதற்கு என்ன ஆதாரம்?’ ஆதாரம் அந்த மஸ்டர் ரோல்தான். அதில் ஒருவர் பெயர் ஏறுவதும் ஏறாததும், மலையிலிருந்து கரி அப்பிய முகத்தோடு இறங்கி வந்து, கண் எரிய எரிய மேசையில் உட்காரும் ஒரு வனக்காப்பாளரின் கையில் இருக்கிறது. ‘எழுத்து வேலையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவர் படுத்துவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் நாளைக்கு இன்னொரு தீ வரும்.

தம்பி ஒரு விஷயம் சொன்னார். அவருடைய சரகத்தில் தீக்காவலர் ஒருவருக்கு ஒரு மாதக் கூலி வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டது. ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்தைச் சரிசெய்ய இவர் வங்கிக்கு மூன்று முறை அலைந்திருக்கிறார். இதை ‘அலுவலகப் பணி’ என்று எழுதுவதா ‘களப்பணி’ என்று எழுதுவதா என்று அவருக்கே தெரியவில்லை. நாட்குறிப்பில் எதிலும் எழுதவில்லையாம்.

நமக்குத் தெரிந்த கணக்கு

எழுத்து யார் கையில் இருந்தது என்பது டெல்டாவில் நமக்குப் பாடப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் பட்டாமணியமும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். தலையாரியும் வெட்டியானும் இருந்தார்கள். மடையைத் திறந்து அடைத்து, இரவெல்லாம் கண்விழித்து வயலுக்கு வயல் நீர் பாய்ச்சியவர்கள் நம் பாட்டன்மார். எந்த வயலுக்கு எத்தனை நாள் நீர் என்பது மட்டும் வேறொருவர் கணக்கில் இருந்தது. ஓடுகிறவன் எழுதக் கூடாது, எழுதுகிறவன் ஓடத் தேவையில்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரையாக வந்த அந்தக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்து, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்களை நியமித்தபோதுதான் ஊர்க்கணக்கு சேரியில் பிறந்தவர் கைக்கும் வர வழி திறந்தது. இன்றைக்கு குரூப் 4 படிக்கும் மாணவர்கள் இதைப் பொது அறிவு வினாவாக மட்டும் மனப்பாடம் செய்யாமல் இருந்தால் நல்லது.

1952இல் தஞ்சாவூருக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகைப் பதிவுச் சட்டம் வந்தது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான், பதிவில் பேர் இருக்கிறதா? தலைமுறையாக ஒரே பண்ணையில் உழைத்தவர்கள், தாங்கள் அந்தப் பண்ணையின் ஆட்கள் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நின்றார்கள். இன்றும் கோடையில் ஒரு கூரைத் தெரு தீப்பிடித்தால், எரிந்த வீடுகளின் பட்டியலில் பேர் ஏறுவதற்கு ஒரு குடும்பம் எத்தனை நாள் அலைகிறது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரே கூரைக்குக் கீழ் மூன்று அடுப்பு எரிந்திருக்கும். பட்டியலில் ஒரு வீடு இருக்கும்.

தீ என்ற சொல்லைச் சொன்னதும் இந்த மண்ணில் வேறொன்றும் நினைவுக்கு வரும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேர். அவர்கள் பெயர்கள் நினைவிடத்தில் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஆண்டுதோறும் அங்கே போகிறவர்கள் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிப்பதை நாம் கண்டிருக்கிறோம். அது கொலை, இது காட்டுத் தீ, இரண்டும் ஒன்றல்ல. பெயர் எழுதப்படுவது நமக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஒரே தீ, நான்கு விதக் கூலி

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். மலையேற்றம் போன இருபதுக்கும் மேற்பட்டோர் காட்டுத் தீயில் சிக்கி இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பெண்கள். ஹெலிகாப்டரும் கமாண்டோக்களும் வருவதற்கு முன் மேலே ஓடியவர்கள் அந்த மலையடிவாரத்து மக்களும் தோட்டத் தொழிலாளர்களும்தாம். துணியில் தொட்டில் கட்டிச் சுமந்து இறக்கினார்கள். பிறகு நடந்த விவாதத்தில் பெரும்பகுதி காகிதத்தைப் பற்றியது. எந்தப் பாதைக்கு அனுமதி வாங்கினார்கள், எந்தப் பாதையில் போனார்கள், நுழைவாயிலில் யார் பார்த்தார்கள், யார் எழுதினார்கள். சரியாக எழுதப்படாத ஒரு பதிவேடு தீயைப் போலவே ஆளைக் கொல்லும் என்பது அன்று தெரிந்தது.

2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டம் கொற்றம்பத்தூரில் தீயணைக்கப் போன காட்டுக் காவலர்கள் மூவர் இறந்தார்கள். 2024 ஜூன் 13 அன்று உத்தராகண்டின் பின்சர் சரணாலயத்தில் வனத் துறை ஆட்கள் நால்வர் அங்கேயே இறந்தார்கள். அந்த நால்வரில் ஒருவர் நிரந்தர ஊழியர், ஒருவர் கோடைத் தீக்காவலர், ஒருவர் மாநில அரசின் துணைப் படையிலிருந்து வந்தவர், ஒருவர் தினக்கூலி. தீ நால்வரையும் ஒன்றாகத்தான் பார்த்தது. சம்பளப் பட்டியல் நால்வரையும் நான்காகப் பிரித்து வைத்திருந்தது. சாதி வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிறவர்களையே மேல்கீழாகப் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதியதை இந்தப் பட்டியலோடு வைத்துப் படிக்கலாம்.

வெளிநாட்டில் எப்படி என்று சில மாணவர்கள் கேட்பார்கள். அமெரிக்க வனத் துறையில் மேசை வேலை பார்க்கும் கணக்கர், உயிரியலாளர், வரைபடம் போடுகிறவர் போன்றவர்களும் தீக்காலத்தில் அணைக்கப் போவதுண்டு. அதற்கென்று பயிற்சி முடித்து, ஒவ்வோர் ஆண்டும் உடல் தேர்ச்சி காட்டி, ‘சிவப்பு அட்டை’ வாங்க வேண்டும். சுமார் இருபது கிலோ சுமையோடு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து காட்டுவதுதான் கடினமான பிரிவுக்கான சோதனை. அங்கே நமக்குப் பிடித்தது வேறொன்று. இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தீயிலிருந்து திரும்பியவரை உடனே மேசையில் உட்காரச் சொல்லக் கூடாது என்பதைப் பெருந்தன்மைக்கு விட்டுவிடாமல் விதியாகவே ஆக்கியிருக்கிறார்கள்.

அதற்காக அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் 555ஆவது பாராசூட் படை என்றொரு கறுப்பினப் பிரிவு இருந்தது. பயிற்சி எல்லாம் முடித்தும் அவர்களை ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்பவில்லை. 1945இல் மேற்கு மாநிலங்களின் காட்டுத் தீயில் குதிக்க அனுப்பினார்கள். 36 தீக்களில், 1,200க்கும் மேற்பட்ட குதிப்புகள். ஆகஸ்ட் 6 அன்று ஓரிகன் காட்டில் மால்வின் பிரவுன் என்ற வீரர் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அந்தப் படையின் பணி பொதுவெளியில் பேசப்படப் பல பத்தாண்டுகள் பிடித்தன. கலிபோர்னியாவில் இன்றும் சிறைக் கைதிகளைத் தீயணைக்க அனுப்புகிறார்கள். அவசரக் காலத்தில் மணிக்கு ஒரு டாலர் கூடுதல் என்று பல ஆண்டுகள் கொடுத்து வந்தார்கள். தீக்கு முன்னால் யாரை நிறுத்துவது என்ற கேள்விக்கு எல்லா நாட்டிலும் ஒரு பழைய பதில் தயாராக இருக்கிறது.

இனச்சுழற்சி எங்கே நிற்கிறது

நம் பிள்ளைகள் தேர்வில் தேறி உள்ளே போகும் வரை இட ஒதுக்கீடும் இனச்சுழற்சியும் கூட வருகின்றன. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதில் அருந்ததியருக்கு 3 விழுக்காடு, பழங்குடிகளுக்கு 1 விழுக்காடு என்பது நியமனத்துக்கான கணக்கு. உள்ளே போனபின் யார் மலைக்கு, யார் மேசைக்கு என்பதற்கு எந்தச் சுழற்சியும் கிடையாது. அது வாய்மொழி உத்தரவு. ‘நீ நல்லா ஏறுவேப்பா, நீ போ’ என்று ஒருவரைத் தொடர்ந்து அனுப்புவதும், ‘உன் கையெழுத்து நல்லாயிருக்கு, நீ இரு’ என்று ஒருவரைத் தொடர்ந்து உட்கார வைப்பதும் பாராட்டு மாதிரியே ஒலிக்கும். வெவ்வேறு துறைகளில் பணியாற்றும் நம்மவர்கள் பலர் இந்தப் பாராட்டைப் பற்றி நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். எல்லா அலுவலகத்திலும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. யார் எத்தனை முறை தீக்குப் போனார்கள் என்று ஒரு பட்டியல் சரகச் சுவரில் ஒட்டப்பட்டால் சந்தேகத்துக்கே இடமிருக்காது. அதற்குச் செலவு ஒரு தாள்.

இன்னொரு பக்கத்தையும் பேசாமல் விட முடியாது. அது நமக்குக் கசப்பானது. தேர்வெழுதிப் போன நம் பிள்ளை, அந்த மலையில் பளியருக்கும் இருளருக்கும் முன்னால் யாராக நிற்கிறார்? பேரேடு இப்போது அவர் கையில். அறிக்கையில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நம் நாட்டுக் காட்டுத் தீ பெரும்பாலும் மனிதரால் உண்டாவது. அதில் சுற்றுலா வந்தவர் இருப்பார், எஸ்டேட் எல்லையை எரித்தவர் இருப்பார், புதுப்புல்லுக்காக மாடு மேய்ப்பவர் வைத்ததும் இருக்கும். யார் என்று தெரியாதபோது, அந்தக் கட்டத்தில் ‘மேய்ச்சல்காரர்கள்’ என்றோ ‘தேன் எடுப்போர்’ என்றோ எழுதுவது சுலபம். யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு சொல், 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ் ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வாசலில் வழக்காக வந்து நிற்கக்கூடும். 2006இன் வன உரிமைச் சட்டத்தில் அவர்கள் கேட்டிருக்கும் உரிமை மனுவைப் பாதிக்கவும் கூடும். எத்தனையோ ஊர்களில் நம்மைப் பற்றி இப்படித்தான் எழுதப்பட்டது. வைக்கோல்போர் எரிந்தால் ‘சேரிப் பசங்க’ என்று. கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்தபின் கணக்குப்பிள்ளையாகவே மாறிவிடுவது அரிதான நோயல்ல.

தம்பியிடம் இதைக் கேட்டபோது உடனே பதில் சொல்லவில்லை. பிறகு சொன்னார்: “தெரியலைன்னா ‘தெரியவில்லை’ன்னுதான் எழுதுறேன். மேல இருந்து திட்டு வரும். ‘காரணம் தெரியாம எப்படி அறிக்கை’ம்பாங்க. இருந்தாலும் அப்படித்தான் எழுதுறேன்.” அணைத்தவர்கள் பெயர்களையும் அறிக்கையின் கீழே ஒரு வரியாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறாராம். படிவத்தில் அதற்கு இடமில்லை. ஓரத்தில் பேனாவால் எழுதுகிறார். கணினியில் ஏற்றும்போது அந்த ஓரம் போய்விடுகிறது என்றும் சொன்னார்.

ஆகவே நாம் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. தீ அறிக்கைப் படிவத்தில் பணியில் இருந்தவர்களின் பெயர்களுக்கு ஒரு கட்டம் வேண்டும். தினக்கூலியின் பெயரும் அதில் வர வேண்டும். தீக்காலத்துக்கு மட்டுமாவது சரக அலுவலகத்துக்கு ஒரு எழுத்தர் கூடுதலாக வேண்டும். மலையிலிருந்து இறங்கியவருக்கு ஓய்வு எத்தனை மணி நேரம் என்று எழுத்தில் ஒரு ஆணை வேண்டும். தீக்காவலர் கூலி மார்ச் கணக்கில் சிக்காமல் மாதந்தோறும் கைக்குப் போக வேண்டும். சட்டமன்றத்தில் வனத் துறை மானியக் கோரிக்கை வரும்போது நம் உறுப்பினர்கள் இதைக் கேட்கலாம். டெல்டாத் தொகுதிக்காரர் காட்டைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதியில்லை.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்குக் கொஞ்சம் தகவல். வனக்காப்பாளர் பணிக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடம் வேண்டும், வனக்காவலர் பணிக்குப் பத்தாம் வகுப்பு போதும். குரூப் 4 தாளில் நூறு வினா தமிழ்த் தகுதிப் பகுதி. அதில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். தமிழ்தானே என்று அலட்சியம் வேண்டாம். எழுத்தில் தேறியபின் நடைச் சோதனை, ஆண்களுக்கு நான்கு மணி நேரத்தில் 25 கிலோமீட்டர், பெண்களுக்கு அதே நேரத்தில் 16. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போய்த் திரும்பினால் ஏறத்தாழ அந்த 25 வரும். நமக்கு மலை இல்லை, ஆற்றங்கரை இருக்கிறது. வெண்ணாற்றுக் கரையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெண் பிள்ளைகள் நால்வர் கடிகாரம் பார்த்தபடி விறுவிறுவென்று நடப்பதை இந்த மாதம் நாமே பார்த்தோம். ஒருத்தி கையில் தமிழ் இலக்கணக் குறிப்பேடு. செய்வினையும் செயப்பாட்டு வினையும் பாடமாம்.